ஐந்து நட்சத்திரமும் ஐப்பசி மழையும்



வீட்டு வேலைக்கு ஒரு கொத்தனார் வேண்டும், கொல்லையில் போர் போட வண்டி வேண்டும், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்ட ஆள் வேண்டும் என்றால், யாரைக் கேட்பது என்பதில் தஞ்சை வட்டாரத்தில் முன்பு குழப்பம் இருந்ததில்லை. சிமெண்டுக் கடைக்காரரைக் கேட்பார்கள். எதிர்வீட்டில் அண்மையில் வேலை நடந்திருந்தால் அங்கே கேட்பார்கள். சம்பந்தி வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். இன்று கைபேசியை எடுத்துத் தேடுகிறோம். பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நட்சத்திரங்கள், அவற்றுக்குக் கீழே நாலு வரிப் பாராட்டு. பட்டுக்கோட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருக்க, சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிற பிள்ளைகள் இந்த நட்சத்திரங்களைப் பார்த்தே ஆள் அமர்த்திப் பணம் அனுப்புகிறார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு கண் இல்லை. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதால்தான் இதைப் பொதுமேடையில் பேச வேண்டியதாகிறது. என் வாதம் இது: கைத்தொழில் வேலையைப் பொறுத்தவரை இணைய மதிப்புரை இரண்டு குறைகளோடு பிறக்கிறது. வேலை சோதனைக்கு உள்ளாகும் முன்பே அது எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. இந்தக் குறைகள் தீரும்வரை மதிப்புரைத் தளங்களை ஆள் தேடும் முகவரிப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். அவை தருவதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்யும் வேலையைக் கோடையில் செய்வதுதான் நம் ஊர் வழக்கம். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வெடிப்புகளை அடைத்து, மேலே பூச்சோ புது ஓடோ போட்டு, பங்குனிக்குள் வேலை முடிகிறது. மாடி பளிச்சென்று இருக்கிறது. ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், குப்பையை வாரிவிட்டுப் போனார்கள். அன்று மாலையே, சேவை எப்படி இருந்தது என்று கேட்டுச் செய்தி வருகிறது. வீட்டுக்காரர் மனநிறைவோடு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது அவ்வளவுதான். ஆனால் காவிரிப் படுகையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. அந்த மாடி நல்ல மாடியா என்பதை ஐப்பசி அடைமழைதான் சொல்லும். தண்ணீர் மூன்று நாள் தேங்கி நின்று, கைப்பிடிச்சுவர் சேரும் மூலை வழியாக இறங்கி, உட்கூரையில் கறையாகத் தெரியும்போது மதிப்புரை எழுதி ஏழு மாதம் ஆகியிருக்கும். அதைத் தேடிப்போய்த் திருத்துகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடுவார்கள், அதுவும் அதே இடத்தில், அதே நட்சத்திரங்களைப் பார்த்து. பழைய ஐந்து நட்சத்திரமோ அடுத்த பங்குனிக்கும் அங்கேயே இருந்து இன்னொரு வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டிருக்கும்.

பொருளியலில் இதற்கென்றே ஓர் ஆய்வு மரபு உண்டு. வாங்கும் முன்பே தரம் தெரிகிற பொருள், பயன்படுத்திப் பார்த்தால் தரம் தெரிகிற பொருள் என்று 1970இல் பிலிப் நெல்சன் இரண்டாகப் பிரித்தார். 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் வாங்கியவரால் தரத்தை அறிய முடியாத சேவைகள். பழுது பார்க்கும் வேலைகள் அவர்கள் எடுத்துக்கொண்ட முதன்மையான உதாரணம். எது பழுது என்று சொல்கிறவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குகிறவரும் ஒருவரே ஆகும்போது, வாங்குகிறவர் நம்புவதைத் தவிர வேறு வழியற்றவராகிறார். நம் வட்டாரத்தில் வீட்டுக்கும் வயலுக்கும் தேவைப்படும் வேலைகளில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகைதான் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோகிறது. கழற்றி எடுத்துக் காயில் கட்டக் கொடுக்கிறோம். சுற்றிய செம்புக் கம்பி உரிய கனத்தில் இருந்ததா, ஒரு சுற்று மெலிந்த கம்பியைப் போட்டுச் சுற்றினார்களா, வார்னிஷில் முக்கி முறையாகக் காயவைத்தார்களா என்பதெல்லாம் மூடி இறுக்கப்பட்ட பிறகு யாருக்கும் தெரியாது. இறக்கிய அன்று தண்ணீர் கொட்டும். ஐந்து நட்சத்திரம் விழும். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில், மேட்டூர் திறப்பதற்கு முன், அது மறுபடியும் எரியும். அப்போது கடைக்காரர் மின்னழுத்தத்தைக் குறை சொல்வார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். மெலிந்த கம்பியால் எரிந்ததா, குறைந்த மின்னழுத்தத்தால் எரிந்ததா என்று பிரித்துச் சொல்ல விவசாயியால் முடியாது. ஆகவே தப்புச் செய்தவர் பிழைத்துக்கொள்வதற்கும், ஒழுங்காக வேலை செய்தவர் ஒற்றை நட்சத்திரம் வாங்கிக்கொள்வதற்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது.

போர் போடுவதிலும் இதே கதைதான். அடிக்கணக்கில் கூலி, பக்கத்தில் நின்றால் எத்தனை ராடு இறங்கியது என்று எண்ணிவிடலாம். ஆனால் துளையிட்ட குழாய் எந்த ஆழத்தில் நிற்கிறது, சுற்றிலும் கூழாங்கல் சரியாக நிரப்பினார்களா, கடலோரப் பக்கமாக இருந்தால் மேலே உள்ள உப்புநீர் அடுக்கை அடைத்தார்களா என்பதை எண்ணிப் பார்க்க முடியாது. முதல் ஆண்டு நல்ல தண்ணீர் தந்த போர் இரண்டாம் ஆண்டு மணலும் உப்புமாக வரும்போதுதான் அது வெளிப்படும். கான்கிரீட் கூரைக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456ஆம் எண் விதித்தொகுப்பு. மூன்றே நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டால் அன்றைக்கு எதுவும் நடக்காது. கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைக்காமல் கான்கிரீட் கொட்டினாலும் அன்றைக்கு எதுவும் நடக்காது. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் ஏழெட்டு வருடம் கழித்துக் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து விழும்போது, வேலை செய்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. மின் இணைப்பில் எர்த் சரியாக இல்லை என்பது, ஈரக் கையோடு ஒருவர் சுவிட்சைத் தொடும் நாள்வரை தெரியாது. அந்த நாளில் மதிப்புரை எழுத அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

மதிப்புரை எந்த வேலைக்கும் உதவாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கதிர் அறுக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நிற்கிற விவசாயிக்கு எவ்வளவு மணி சிந்துகிறது, எவ்வளவு நெல் உடைகிறது, வைக்கோல் எப்படி விழுகிறது, ஓட்டுநர் மூலைகளை விட்டுவிட்டுப் போகிறாரா என்பதெல்லாம் அந்த மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். இங்கே விவசாயிகள் எழுதும் மதிப்புரை நம்பத்தக்கதாக இருக்கும். ஆனால் சம்பா அறுவடைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகளைத் தரகர் மூலம் பிடிப்பதுதான் இன்றைக்கும் பரவலான வழி. 2018இல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியில் இயந்திர உரிமையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வட்டாரவாரியாகக் கிடைக்கச் செய்யப்பட்டது; தரகரைத் தாண்டிப் பேச அது ஒரு நல்ல வழி. மதிப்புரை உண்மை பேசக்கூடிய இடத்தில் அதற்குப் பெரிய இடமில்லை. உண்மை பேச முடியாத இடத்தில் அது ஆட்சி செய்கிறது.

இதுவரை நான் நேர்மையாக எழுதப்பட்ட மதிப்புரைகளைப் பற்றியே பேசினேன். நேர்மையற்றவை தனிக் கதை. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுக் கொட்டகையை ஓர் உணவகம் என்று ஒரு பெரிய மதிப்புரைத் தளத்தில் பதிந்துவைத்தார். சமையல்காரர் கிடையாது, மேசை கிடையாது, ஒருவேளைச் சாப்பாடுகூட யாருக்கும் பரிமாறப்படவில்லை. அந்த நிலையிலேயே, நண்பர்கள் எழுதிய பாராட்டுகளை மட்டும் வைத்து அந்தக் கொட்டகை லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு வந்தது. இதை ஒரு வேடிக்கை என்று கடந்துபோகலாம். எண்களைக் கடந்துபோக முடியாது. அமெரிக்காவின் யெல்ப் தளத்தில் பாஸ்டன் உணவகங்களுக்கு வந்த மதிப்புரைகளை ஆராய்ந்த மைக்கேல் லூகாவும் ஜார்ஜியோஸ் செர்வாஸும், ஏறத்தாழ 16 விழுக்காட்டைத் தளமே சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கியிருந்ததை 2016இல் எழுதினார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கு மேற்பட்ட மதிப்புரைகளையும் 1.2 கோடி போலி வணிகப் பக்கங்களையும் தடுத்ததாகவோ நீக்கியதாகவோ கூகுள் நிறுவனமே அறிவித்தது. பிடிபட்டவை இவை. பொய் எழுத ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், அதில் வருமானம் இருக்கிறது. யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் சங்கிலித் தொடரில் சேராத தனி உணவகத்தின் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு கூடுகிறது என்று லூகா தம் சியாட்டில் ஆய்வில் முன்பே கணக்கிட்டிருந்தார். நம் நாட்டில் இந்த வியாபாரத்தின் இன்னொரு முகத்தையும் கண்டோம். வீட்டிலிருந்தபடி கூகுள் வரைபடத்தில் நல்ல மதிப்பீடு போட்டால் ஒவ்வொன்றுக்கும் பணம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆள் பிடித்தார்கள். முதலில் சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, பிறகு முதலீடு என்று சொல்லிப் பெருந்தொகையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இத்தகைய பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. பணம் இழந்தவர்களின் துயரம் செய்தியானது. அவர்கள் போட்டுவைத்த நட்சத்திரங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கை கூடக்கூடப் பொய் கரைந்துவிடும், ஆயிரம் பேர் சொன்னால் சராசரி சரியாக இருக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். மதிப்புரை எழுதுகிறவர்கள் எல்லா வாடிக்கையாளர்களின் சரியான மாதிரி என்றால் அந்த வாதம் செல்லும். ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. மிகவும் மகிழ்ந்தவர்கள் எழுதுகிறார்கள். மிகவும் கோபம் கொண்டவர்கள் எழுதுகிறார்கள். ‘ஏதோ பரவாயில்லை’ என்று நினைப்பவர்கள் எழுதுவதில்லை. மேலும், பெருநகரத்து உணவகத்துக்கு ஆயிரம் மதிப்புரை வரலாம். பாபநாசத்தில் ஒரு தச்சருக்கு, மன்னார்குடியில் ஒரு வயர்மேனுக்கு வருவது பத்துப் பதினைந்து. அதில் நாலைந்து மைத்துனரும் பங்காளியும் எழுதியவை என்றால் சராசரியே சாய்ந்துவிடும். சிற்றூரில் சராசரி என்ற கவசம் கிடையாது. அதோடு, பகலெல்லாம் சாரத்தில் நிற்கிற நல்ல கொத்தனாருக்குத் தன் இணையப் பக்கத்தைப் பேணிக்கொண்டிருக்க நேரம் ஏது? அதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளக் கூடியவர் பெரும்பாலும் கரண்டி பிடிக்காத இடைத்தரகராகவே இருப்பார்.

இந்தத் தளங்களுக்கு உண்மையான வாடிக்கையாளர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 1996இல் மும்பையில் தொலைபேசி விசாரணைச் சேவையாகத் தொடங்கி, 2021இல் ரிலையன்ஸ் குழுமத்தின் கைக்குப் போன ஜஸ்ட்டயலானாலும் சரி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகாவானாலும் சரி, தேடுகிற நம்மிடம் காசு வாங்குவதில்லை. பட்டியலில் முன்னே வரவும் விசாரணை எண்களைப் பெறவும் தொழில் செய்பவர்களே பணம் கட்டுகிறார்கள். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. செய்தித்தாள் விளம்பரமும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் விளம்பரத்தை விளம்பரம் என்று தெரிந்து படிக்கிறோம். இங்கே முதலில் வருகிற பெயரைச் சிறந்த பெயர் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த ஏற்பாட்டில் தொழிலாளியும் அடிபடுவதுண்டு. அமெரிக்காவின் ஹோம்அட்வைசர் நிறுவனம், வாடிக்கையாளர் விசாரணைகளின் தரத்தைப் பற்றிச் சிறு தொழில்காரர்களுக்குத் தவறான தகவல் தந்து விற்றது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2022இல் குற்றம்சாட்டியது. 2023இல் அந்த நிறுவனம் 72 லட்சம் டாலர் வரை செலுத்த வேண்டியதாயிற்று. ஒரே விசாரணையை நாலு பேருக்கு விற்றால் நாலு பேரும் காசு கட்டுவார்கள், வேலை ஒருவருக்கே கிடைக்கும். இழந்த காசைக் கிடைத்த வேலையில்தான் எடுப்பார்கள். சிமெண்டில் ஒரு சட்டி குறையும். கம்பியில் ஒரு சுற்று மெலியும்.

இன்னொரு ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் மகாராஷ்டிரத்தில் கூகுள் வரைபடத்தில் இருந்த வங்கித் தொலைபேசி எண்களை மோசடிக்காரர்கள் மாற்றிவைத்து, அழைத்தவர்களிடம் கணக்கு விவரங்களைக் கறந்ததைக் காவல்துறை வெளிக்கொணர்ந்தது. வங்கிக்கே அந்தக் கதி என்றால், குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு நிற்கிற போலிச் சேவை மையங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நிறுவனத்தின் எண்ணைப் பொருளோடு வந்த அட்டையிலிருந்து எடுப்பதே நல்லது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்.

இப்போது என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்விக்கு வருகிறேன். ‘பழைய முறை மட்டும் ஒழுங்காக இருந்ததா? சிமெண்டுக் கடைக்காரர் கமிஷன் வாங்கிக்கொண்டுதான் ஆள் காட்டினார். சம்பந்தி வீட்டார் தங்கள் சாதிக்காரரைத்தான் சொன்னார்கள். சேரியிலிருந்து வந்த திறமையான கொத்தனாரை அக்கிரகாரத்துக்கோ பெரிய தெருவுக்கோ யார் பரிந்துரைத்தார்கள்? ஊருக்குப் புதிதாக வந்த பெண் யாரைக் கேட்பாள்?’ இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. வாய்மொழிப் பரிந்துரை உறவுக்குள்ளும் தெருவுக்குள்ளுமே சுற்றியது. அதன் வெளியே நின்றவர்களுக்கு இணையம் ஒரு கதவைத் திறந்தது. யாருடைய தயவும் இல்லாமல் தன் பெயரை ஊரறியச் செய்யலாம் என்பது சிறிய விடுதலை இல்லை. அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திறந்தது ஆளைக் கண்டுபிடிக்கும் கதவு. ஆளை எடைபோடும் வேலையையும் அதே கதவிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதுதான் சிக்கல்.

பழைய பரிந்துரையில் கெட்டவை பல இருந்தாலும் நல்லது ஒன்று இருந்தது: சொன்னவருக்கு இழக்க ஏதோ இருந்தது. கடைக்காரர் காட்டிய கொத்தனார் ஏமாற்றினால், அடுத்த வீட்டுக்கான சிமெண்டு வேறு கடையிலிருந்து போகும். பொறுப்பேற்பது என்ற இந்த ஏற்பாட்டுக்கு நம் ஊரிலேயே ஆயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது. பெரிய கோயிலில் விளக்கெரிக்க இடையர்களிடம் கால்நடைகளை ஒப்படைத்த செய்தியை முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பதிந்துவைத்திருக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அதோடு கல்வெட்டு நிற்பதில்லை. கால்நடை பெற்ற இடையரின் பெயர், அவருடைய ஊர், அவருக்காகப் பொறுப்பேற்றவர்களின் பெயர்கள் எல்லாம் கல்லில் இருக்கின்றன. நெய் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதில் ஐயமே எழாது. அரசனின் அதிகாரம் பின்னால் நின்றதால் அது நடந்தது. ஒரு வீட்டுக்காரருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதிவின் அமைப்பைக் கவனியுங்கள்: பெயர், ஊர், ஒப்புக்கொண்ட வேலை, பொறுப்பாளி. சாதி தெரிய வேண்டியதில்லை, உறவு வேண்டியதில்லை; இந்த நான்கு செய்திகள் போதும். இன்றைய மதிப்புரைப் பக்கத்தில் பல நேரம் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. ஒரு கடைப் பெயர், ஒரு கைபேசி எண், புனைபெயரில் நாலு பாராட்டு, அவ்வளவே.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. ஓரளவு பார்த்துக்கொள்ளும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் தாமே நுகர்வோர் போல வேடமிட்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 19000 என்ற எண்ணில் ஒரு தரத்தை வெளியிட்டது. எழுதுகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், வந்ததைத் தளம் தன் விருப்பப்படி திருத்தக் கூடாது, காசுக்கு எழுதப்பட்டவற்றை வெளியிடக் கூடாது என்றெல்லாம் நல்ல நெறிகள் அதில் உள்ளன. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற தரமாகவே அது வெளிவந்தது. அமெரிக்கா போலி மதிப்புரை விற்பதையும் வாங்குவதையும் 2024 அக்டோபர் முதல் அபராதத்துக்குரிய செயலாக்கியது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் தடை செய்தது. நாமும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆனாலும் போலிகள் முற்றிலும் ஒழிந்துவிட்ட உலகிலும் என் முதல் குறை அப்படியே நிற்கும். உண்மையான ஆள் உண்மையாக எழுதினாலும், பங்குனியில் எழுதியது ஐப்பசியை அறியாது.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; தஞ்சையிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே போக எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும், பணம் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும், குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை நம் நேரடிக் கட்டளையின்கீழ் வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் ‘சேவை’ என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. சதுர அடிக் கணக்கில் மொத்தமாக ஒப்பந்தம் பேசியிருந்தால் வழக்குக்கு வலு உண்டு. நாள் சம்பளத்துக்கு ஆள் வைத்து, பக்கத்தில் நின்று நாமே வேலை வாங்கியிருந்தால் அது வலுவிழக்கும். தளத்தின் மேல் வழக்குப் போடலாமா என்றால், தாங்கள் இடைநிலையாளர் மட்டுமே என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டுவார்கள். நட்சத்திரம் கொடுத்தவரையோ யாரும் கூண்டில் ஏற்ற முடியாது.

ஆகவே நட்சத்திரத்தைத் தாண்டி, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு பதிவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சில தொழில்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன், மேற்பார்வையாளர் தகுதிச் சான்றுகளையும் ஒப்பந்தக்காரர் உரிமங்களையும் தருகிறது. அந்த எண்ணைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. ஆழ்துளைக் கிணறு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தோண்டும் நிறுவனம் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், தோண்டும் இடத்தில் நிறுவனத்தின் முழு முகவரியோடு பலகை வைக்க வேண்டும். மூடப்படாத துளைகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததால் வந்த உத்தரவு அது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மறுபடியும் ஒரு குழந்தையை இழந்தோம். ஒரு போர் வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிற நாம், அது பதிவு பெற்ற வண்டியா, பலகை எங்கே என்று கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் இத்தகைய பதிவு இல்லை. 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை அவருடைய உரிமைகளுக்கான அட்டை, திறமைக்கானது இல்லை. ஆனாலும் அவர் யார், எந்த ஊர் என்பதை அது உறுதிப்படுத்தும்.

தளங்களிடமும் நாம் கேட்கலாம். வேலை முடிந்த அன்று மதிப்புரை கேட்பதோடு நிற்காமல், மார்கழியில் இன்னொரு முறை கேளுங்கள்; முதல் எழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். காசு கட்டி முன்னே வந்த பெயரைக் காசு கட்டிய பெயர் என்று அதே எழுத்தளவில் சொல்லுங்கள். உரிமம் வேண்டிய தொழில் என்றால் உரிம எண் இல்லாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். குறை சொல்லப்பட்ட தொழிலாளி பதில் எழுத, அவர் தமிழில் பேசி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும் வழி வையுங்கள். ஆத்திரத்தில் போட்ட ஒற்றை நட்சத்திரம் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடக் கூடும் என்பதையும் மறக்கலாகாது.

வீட்டுக்காரர் கையில் உள்ள வழி, பணத்தில் ஒரு பகுதியை மழைக்காலம்வரை பிடித்து வைப்பது. அரசுக் கட்டட ஒப்பந்தங்களில் இப்படிப் பிடித்தம் வைத்து, குறைகளுக்கான காலம் கழிந்த பிறகு திருப்பிக் கொடுப்பது நெடுநாள் நடைமுறை. தனி வீட்டு வேலையிலும் அதை முன்கூட்டியே பேசி, தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன். அன்றாடம் காய்ச்சியின் கூலியைப் பிடித்து வைப்பது கொடுமை. சித்தாளுக்கும் பெரியாளுக்கும் அன்றன்றைய கூலி அன்றன்றே போய்ச் சேர வேண்டும். மாலையில் அரிசி வாங்கப் போகிறவரை மாடி ஒழுகலுக்கு ஈடு வைக்க யாருக்கும் உரிமையில்லை. பிடித்தம் ஒப்பந்தக்காரரின் லாபப் பங்கிலிருந்து மட்டுமே வர வேண்டும், அதுவும் அவர் தாங்கக்கூடிய அளவில். கூலியைத் தனியாகவும் தன் பங்கைத் தனியாகவும் எழுதிக் காட்டச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். எழுதிக் கொடுக்கிறவர் ஐப்பசியிலும் தொலைபேசியை எடுப்பார். எழுதிக் கொடுக்க மறுக்கிறவருக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.